பத்தொன்பது இலக்க எண் புகட்டும் பாடம்



“கணக்கு நம் பிள்ளைகளுக்கு வராது” என்று பெற்றோர் சிலர் கூற, என் ஆசிரியப் பணியில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு விடையாக ஓர் எண்ணின் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

அவ்வெண் 2305843009213693951. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது. இரண்டை 61 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. ஐந்து முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. அதுவும் பகா எண்ணே. பதினொரு முறை பெருக்கிக் கழித்தால் 2047. அதுவோ 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். அப்படியாயின், எந்த அடுக்குகள் பகா எண் தரும்?

1644-ஆம் ஆண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 257 வரையுள்ள அத்தகைய அடுக்குகளைப் பட்டியலிட்டார். அதில் 67 இருந்தது, 61 இல்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அப்பட்டியல் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. 1876-இல் லூக்காஸ் என்பார் 67 பிழை எனக் காட்டினார். 1883-இல் இவான் பெர்வுஷின் என்னும் இரசிய நாட்டுச் சிற்றூர்ப் பாதிரியார், 61 பகா எண் தரும் என நிறுவினார். 61 என்பதே 67 எனத் தவறிப் பதிவாகியிருக்கலாம் என்று சிலர் சமாதானம் கூறினர். ஆயினும், 89, 107 ஆகியன விடுபட்டதும், 257 தவறாக இடம்பெற்றதும் பின்னர் வெளிப்பட்டன.

இத்துணைப் பெரிய எண்ணைச் சோதிப்பது எங்ஙனம்? வகுத்தே பார்ப்பதாயின், ஏறத்தாழ 152 கோடி வரையுள்ள பகா எண்களால் வகுக்க வேண்டும். லூக்காஸ் கண்டு, 1930-இல் லேமர் செம்மைப்படுத்திய வழி எளிது. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருத்தல் வேண்டும். நான்கில் தொடங்குக. அதன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொள்க. அம்மீதியை மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் செய்தபின் மீதி சுழியமானால் அது பகா எண், இல்லையேல் அன்று. 31-க்கு 4, 14, 8, 0 என மூன்றே தடவையில் முடிகிறது. நம் பத்தொன்பது இலக்க எண்ணுக்கு 59 தடவைகள்.

2024-இல் நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களுடைய பகா எண் ஒன்று கண்டறியப்பட்டது. அதனையும் பிறர் வெவ்வேறு கணிப்பொறிகளில் சரிபார்த்த பின்னரே அறிவித்தனர்.

இளைஞர்களே! மெர்சென்னின் புகழ் அவர் பிழையைக் காக்கவில்லை. பெர்வுஷினின் சிற்றூர் வாழ்வு அவர் விடையைத் தாழ்த்தவில்லை. கணக்கு, செய்தவர் யார் என்று வினவுவதில்லை. செய்தது சரியா என்றே வினவுகிறது. அவ்வாயில் நமக்கும் திறந்தே உள்ளது.

அடுக்கு ஏழுக்குரிய எண் 127. ஐந்து தடவைகளில் மீதி சுழியமாகும். நான் தலைமையாசிரியன் என்பதற்காக இதனை நம்ப வேண்டா. இன்றிரவே தாளும் எழுதுகோலும் எடுத்துச் செய்து பாருங்கள்.