டிராக்டருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்

(பொன்னேரி வட்டார உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



மாடு கட்டி உழுத காலத்தில் நம் பெரியவர்கள் ஒரு வழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். விடியற்காலையில் ஏர் பூட்டுமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். நுகத்தடி உரசிய கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். காலைத் தூக்கி லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்று மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலைப் பார்வை போய்விட்டது. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும் என்ற நம்பிக்கையில் இருக்கிறோம்.

டிராக்டர் எஞ்சினுக்கு நாள்தோறும் செய்ய வேண்டிய எண்ணெய், தண்ணீர்ப் பரிசோதனையைப் பற்றியும், அதை ஆபத்தின்றிச் செய்யும் முறையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். சொந்த டிராக்டர் இல்லாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை வண்டி பாதி உழவில் நின்றுபோனால் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டும் அல்ல, நாற்று நம்முடையது. பவர் டில்லர், சிறிய சரக்கு வண்டி, கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நேரில் கண்ட நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் சம்பாப் பருவத்தில் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. உச்சி வேளையில் டிராக்டரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிற்று. ஓட்டிய இளைஞர் வண்டியை நிறுத்தி இறங்கினார். தோளில் கிடந்த துண்டால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திருகினார். மறுகணமே கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அவருடைய கையையும் கழுத்தையும் வேகவைத்துவிட்டன. கண் தப்பியது அவருடைய நல்ல காலம்.

பிறகு மெக்கானிக் அந்த ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே உள்ள மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை உப்பு அடைத்துக் கிடந்தது. மூன்று ஆண்டுகளாக அதில் ஊற்றியது வயலோரத்துப் போர் தண்ணீர். எஞ்சினின் மேற்பாகமாகிய சிலிண்டர் ஹெட்டும் சூட்டில் கோணிப் போயிருந்தது. வண்டி திரும்பி வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே. ஒரு குடம் தண்ணீரில் தொடங்கிய கோளாறு, ஓர் ஆளின் உடம்பையும் ஒரு பருவத்தின் விளைச்சலையும் தொட்டுவிட்டது.

நம் பகுதித் தண்ணீரின் குணம்

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பாயும் இந்தச் சமவெளி, கிழக்கே பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் ஒட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் இருந்து சென்னை நகரின் தேவைக்காகவும் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கு நாமும் இறைத்தோம். மழையால் ஊறுவதைவிட இறைப்பது மிகுந்தபோது கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே நகர்ந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் இது 1960-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்விலேயே தெரியவந்தது. இன்றும் இந்த வட்டாரத்தில் பல போர்களின் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும். படிவு தடித்த அண்டாவில் தண்ணீர் சுட நேரம் ஆகும். ஏனென்றால் அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. ரேடியேட்டரிலும் இதுவே நடக்கிறது. எஞ்சினின் சூடு தண்ணீருக்குப் போய், தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். நடுவே உப்புப் படிந்தால் சூடு எஞ்சினிலேயே தங்கிவிடும். உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துத் துளையும் இடும்.

ஆகவே ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் இரண்டும் வேண்டாம். கைப்புத்தகத்தில் குறித்துள்ள கூலண்ட் திரவத்தையே ஊற்ற வேண்டும். தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியான கூலண்டாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில், டப்பாவில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். ஒரு வகைக் கூலண்டுடன் வேறு வகையைக் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு, சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைநீர் போர் தண்ணீரைவிட மேலானது. பிறகு முறையாக மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான கூலண்டுகள் நச்சுத் தன்மை கொண்டவை. இனிப்புச் சுவையும் உண்டு. கீழே சிந்தியதை ஆடு, மாடு, நாய் நக்காமலும் குழந்தைகள் எடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடான மூடியைத் திறக்காதீர்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், அங்குள்ள நீர் 100 பாகைக்கு மேல் சூடாகியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விலகி, அவ்வளவு நீரும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். பிரஷர் குக்கரின் மூடியை ஆவி அடங்குமுன் யாராவது திறப்பார்களா?

வண்டி சூடேறினால் உழவை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குறைந்தது அரைமணி நேரம் விலகி இருங்கள். ரேடியேட்டரின் மேற்பகுதி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த சாக்கை மூடியின் மேல் மடித்துப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதல் தடை வரை மட்டும் திருப்புங்கள். சீறும் ஓசை முழுவதும் அடங்கிய பின்பே கழற்றுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

யாருக்கேனும் சூடு பட்டுவிட்டால், பட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை ஓடவிட வேண்டும். மசி, பற்பசை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம், கழுத்து, கண் ஆகியவற்றில் பட்டிருந்தால் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

காலையில் பத்து நிமிடம்

பரிசோதனைக்கு ஏற்ற நேரம், எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியற்காலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின்னால் உள்ள கருவியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

1. எஞ்சின் ஆயில்: டிப்ஸ்டிக் என்னும் அளவுகுச்சியை உருவி, சுத்தமான துணியால் துடைத்து, முழுவதும் செருகி மறுபடி எடுங்கள். ஆயில் இரு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் அதே வகை ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டுவதும் கெடுதலே. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது இயல்பு. ஆனால் பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஊற்றாமலே அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் டீசல் கசிகிறது. இவ்விரண்டிலும் வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

2. கூலண்ட்: மேலே சொன்னபடி, குளிர்ந்த நிலையில் மட்டும் அளவைப் பாருங்கள். நாள்தோறும் குறைந்தால் குழாயிலோ, பம்பிலோ, ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு உண்டு. ரேடியேட்டரின் முன்வலையில் வைக்கோல் தூசும் சேறும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

3. பேன் பெல்ட்: நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். அதிகம் தாழ்ந்தாலோ விரிசல் கண்டாலோ கவனியுங்கள்.

4. ஏர் கிளீனர்: ஆயில் கிண்ணம் உள்ள வகையில் ஆயில் கோடு வரை இருக்க வேண்டும், கிண்ணத்தின் அடியில் சேறு சேர்ந்தால் மாற்ற வேண்டும். அறுவடைத் தூசியில் ஓடும் வண்டிக்கு இதை நாள்தோறும் பார்ப்பது அவசியம்.

5. டீசல்: மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவிட்டால், இரவில் தொட்டிக்குள் காற்றின் ஈரம் நீராகப் படிவது குறையும். பில்டரின் அடியில் தங்கிய நீரைத் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது டீசல் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர். ஊசி போன்ற அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

6. பாட்டரி: தகடுகள் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும். இதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே, மழைநீரும் ஆகாது. பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவருவதால் அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

7. ஹைட்ராலிக், கியர் ஆயில்: சேற்றுழவுக் காலத்தில் சீல் தேய்ந்த இடங்கள் வழியாகச் சேற்றுநீர் உள்ளே புகலாம். ஆயில் வெளுத்திருந்தால் பருவம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரக்கு வண்டியிலும் காரிலும் பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். அது குறைந்தால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசிவு இருக்கும். அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் உப்பி, பிரேக் பிடிக்காமல் போகும்.

உடையும் பழக்கமும்

டிராக்டரின் பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. நொடிக்கு 9 முறை. துண்டின் நுனியோ வேட்டியின் தொங்கலோ சிக்கினால், ஆளை இழுக்குமுன் எஞ்சினை அணைக்க நேரமே இருக்காது. ஆகவே துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, பிறகே கிட்டப் போங்கள். தூக்கிய ரோட்டவேட்டரின் அடியிலும், ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்திய வண்டியின் அடியிலும் நுழையாதீர். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர். வாசனையில்லாத நச்சுப்புகை ஆளை மயக்கிக் கொல்லும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலும் வயலிலும் கொட்டக் கூடாது. அது தண்ணீரையும் மண்ணையும் கெடுக்கும். மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முடிவாக

ஒரு சிறிய நோட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் மணிக்கணக்கு, ஆயில் மாற்றிய நாள், கூலண்ட் ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும்; உங்கள் வண்டிக்கு உரிய கணக்கைக் கைப்புத்தகத்தில் பாருங்கள். வாடகைக்கு வண்டி எடுப்பவர்களும், உழவு தொடங்குமுன் "ஆயில், தண்ணீர் பார்த்தாயா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி சூடேறினால் அவசரப்படுத்தாதீர்கள். நான் சொன்ன இளைஞர் மூடியைத் திருகியபோது, வரப்பில் நின்ற நாங்கள் எல்லோரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அரைமணி நேரம் பொறுத்தால் உழவு அன்றைக்கே முடியும். அந்தப் பொறுமையையும், காலையில் பத்து நிமிடத்தையும் உங்கள் வண்டிக்குக் கொடுங்கள்.