தந்தை செல்வா என்னும் இல்லறத்தார்

(நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தந்தை செல்வா 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். அன்று தொட்டு அவரைப் பற்றிப் பேசிய மேடைகள் பல. ஒப்பந்தங்களைப் பேசினோம், தேர்தல்களைப் பேசினோம். அவருக்கும் ஒரு வீடு இருந்தது, மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருந்தனர் என்பதை மட்டும் பேசாது விட்டோம். அதைப் பற்றியே சில வார்த்தை கூற விரும்புகிறேன்.

1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர் அவர். தந்தையார் பிழைப்பின் பொருட்டு அங்கேயே தங்க, தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்கு வந்தார். ஆகவே, பிற்காலத்தில் ஓர் இனமே தந்தை என்று அழைத்த மனிதர், தந்தையைப் பிரிந்து தாயின் கையில் வளர்ந்த பிள்ளை.

இளமையில் அவர் ஒரு கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். நோயுற்ற சகோதரரைப் பார்க்க விடுமுறை கேட்டார், மறுத்தார்கள். வேலையைத் துறந்தார். வசதி படைத்த வீட்டுப் பிள்ளையல்லர். சம்பளத்தின் அருமை அறிந்தவர். உறவுக்கும் ஊதியத்துக்கும் இடையே எதை விடுவது என்பதில் அவருக்கு மயக்கம் இருந்ததில்லை.

1923இல் அப்புக்காத்தானார், 1927இல் எமிலி அம்மையாரை மணந்தார். குடியியல் வழக்குகளில் அவருக்கிருந்த பெயர் பெரிது. அத்தொழிலை மட்டும் கவனித்திருந்தால் கொழும்பின் பெருஞ் செல்வர்களுள் ஒருவராயிருப்பார். சட்டத்தொழில் செய்யும் அன்பர்கள் இங்கு பலர் இருக்கிறீர்கள். நீதிமன்றத்துக்குப் போகாத ஒரு நாள் வீட்டுக்கு என்ன செலவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் போகாத நாட்கள் எத்தனை!

1948இல் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது அவர் எதிர்த்து நின்றார். அத்தொழிலாளருள் ஒருவரேனும் காங்கேசன்துறையில் அவருக்கு வாக்களிக்கக் கூடியவரல்லர். பிழைக்கப் போன குடும்பத்தில், கடல் கடந்த மண்ணிற் பிறந்த பிள்ளைக்கு, பிழைக்க வந்தோரின் துயரம் விளங்காமற் போகுமா? மறு ஆண்டு தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் காங்கேசன்துறை மக்களாகிய நாமே அவரைத் தோற்கடித்தோம். கமக்காரப் பெருமக்களே, அதையும் மறைக்க வேண்டாம். அவர் நம்மீது கசப்புக் கொள்ளவில்லை.

1958இல் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். மனைவி மக்கள் இருந்த வீடே சிறையாயிற்று. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரிச் சத்தியாக்கிரகத்தின் பின் பனாகொடை முகாமில் மாதக்கணக்கில் அடைத்தார்கள். நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோய் உடலை வாட்டியது, செவிப்புலனும் குன்றியது. அந்த உடலோடுதான் 1975 பெப்ரவரியில் இடைத்தேர்தலைச் சந்தித்து வென்றார். மேடையிலே அவரைத் தாங்கியவர்கள் தொண்டர்கள். வீட்டிலே தாங்கியவர்களின் பெயர் எந்தத் தீர்மானத்திலும் இல்லை. எமிலி அம்மையாருக்கு நாம் பட்ட கடன் கணக்கில் எழுதப்படாத கடன்.

அவருடைய வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து 1994இல் நூலாக்கியவர் மருமகன் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன். மகன் சந்திரகாசன், தமிழகத்தில் தஞ்சம் புகுந்த நம்மவருக்காக 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அம்முகாம்களிற் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவு முதல் பிள்ளைகளின் படிப்பு வரை அக்கழகம் கவனித்தது. குடியுரிமை இழந்தோருக்காகத் தகப்பன் பேசிய பேச்சை அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டே வளர்ந்திருந்தார்கள்.