கடமையை உணர்த்தும் வினைகள்: ஆங்கிலத்திலிருந்து உருசியத்திற்கு



ஆங்கிலச் சட்டநடையில் 'ஷல்' எனும் துணைவினை ஆணையின் முத்திரை போன்றது. உருசியத்தில் அதற்கு நிகரான ஒற்றைச் சொல் இல்லை. 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனத்தையே நோக்குவோம். உறுப்பு நாடுகள் படைவலியைக் கையாளாது விலகியிருத்தல் வேண்டும் என 2ஆம் உறுப்பின் 4ஆம் பிரிவில் ஆங்கிலம் 'ஷல்' இட்டு விதிக்கிறது. உருசியப் பாடமோ அவ்விடத்தில் நிகழ்கால வினையை மட்டுமே தருகிறது; 'விலகியிருக்கின்றன' என்பதே அதன் நேர்ப்பொருள். நடப்பதை விளம்பும் தொடர்போல் அது தோன்றும். ஆயினும் உருசியச் சட்டநடையில் அந்நிகழ்காலமே விதியாகும். இம்மரபறியாதார் அதனை மீண்டும் ஆங்கிலப்படுத்தினால், தடையைச் செய்தியாக்கிவிடுவர்.

அதே சாசனத்தின் 33ஆம் உறுப்பில், பிணக்குற்ற நாடுகள் முதற்கண் அமைதிவழித் தீர்வு நாட வேண்டும் என்னுமிடத்து, அதே 'ஷல்' 'தல்ஷ்னீ' ஆகிறது. இது 'தோல்ஷென்' என்பதன் பன்மை. பாலும் எண்ணும் காட்டும் ஒருவகைப் பெயரடை. இலக்கண நோக்கில் வினையே அன்று! 94ஆம் உறுப்பிலோ, தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பொருளுடைய வேறொரு வினை வருகிறது. ஆங்கிலமும் அங்கே 'ஷல்' என்னாது 'அண்டர்டேக்' என்றே கூறுகிறது.

இவை வெறும் நடைவேறுபாடுகள் அல்ல. 111ஆம் உறுப்பின்படி சீனம், பிரெஞ்சு, உருசியம், ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய ஐந்து பாடங்களும் சம அதிகாரமுடையவை. உருசியப் பாடம் ஆங்கிலத்தின் நிழலன்று. அதன் வினைவடிவைக் கொண்டும் வழக்காட இயலும்.

அறிவுரைத் தொனியுடைய 'ஷுட்' என்பதை 'ஸ்லேதுயெத்' என மென்மையாகப் பெயர்ப்பது பெருவழக்கு. ஆனால் 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பில், மாந்தர் உடன்பிறப்புணர்வோடு ஒழுக வேண்டும் என்னுமிடத்து, 'தல்ஷ்னீ' என்னும் வன்சொல்லே அமைந்துள்ளது. மிகை என்பாரும் இருக்கலாம். நான் அதனைச் சரியென்றே கொள்கிறேன். 'ஸ்லேதுயெத்' என்றால் மாந்தர் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கிவிடுவர். 'தல்ஷ்னீ' என்றால் அவர்களே எழுவாயாகப் பொறுப்பேற்று நிற்பர்.

'தோல்ஷென்' என்பதோடு உறவுடைய 'தோல்க்' எனும் பெயர்ச்சொல், செய்யத்தக்க கடமையையும் திருப்பித் தரத்தக்க பணத்தையும் ஒருங்கே குறிக்கும். நம் 'கடன்' எனும் சொல்லும் அவ்வாறே. ஆங்கிலத்தின் 'ஆட்' என்பதும் கடன்படுதலைக் குறித்த வினையின் பழைய வடிவமே. இன்று அப்பொருளை ஆங்கிலேயர் அதில் உணர்வதில்லை. உருசியர் ஒருவர் 'இவன் எனக்குத் தோல்ஷென்' என்று சொல்லி நிறுத்தினால், இன்றும் பெரும்பாலும் பணத்தைத்தான் கேட்கிறார்.