புளியமரமும் கல்மரமும்



வியப்பான செய்தி ஒன்று கிடைத்தால் அதை நான்கு பேரிடம் சொல்லும்வரை நமக்கு இருப்புக் கொள்ளாது. இம்மன்றமே அத்தகைய ஆவலால் வளர்ந்ததுதான். அப்படிச் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே இன்று என் பேச்சின் பொருள். சான்றுகளுக்கு நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரமே போதும்.

முதற்சான்று நம் அடுக்களையில் இருக்கிறது. ‘திந்திரிணி’ என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். ஆங்கிலத்தார் வழங்கும் ‘டாமரிண்ட்’ என்ற பெயரோ ‘இந்தியப் பேரீச்சை’ எனப் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. ஆனால் அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்கின்றனர் தாவரவியலார். கடல் கடந்து வந்த மரம் ஓர் ஊருக்கே பெயர் தந்து, நம் வீட்டுக் குழம்பாகவும் ரசமாகவும் ஆகிவிட்டது; புகுந்த வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்ட மருமகளைப் போல. யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்று வழக்காடுவோர் ஒருமுறை புளிக்குழம்பை எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்தது திருவக்கரை. சந்திரமௌலீசுவரரும் வக்கிரகாளியும் கோயில் கொண்டிருக்கும் அவ்வூரில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கின்றன. மணலில் புதையுண்ட மரங்களுள் சிலிகா கலந்த நீர் ஊற, நார் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. வேரும் கிளையும் இன்றி அடிமரங்களாகவே அவை கிடப்பதால், வெள்ளத்தால் வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டவை என்று நிலவியலார் கருதுகின்றனர். அசுரனின் எலும்புகள் என்று சொல்வோரும் உண்டு.

அவ்வூர்த் தலபுராணத்தில் வக்கிராசுரனைத் திருமால் அழிக்கிறார். அவன் தங்கை துன்முகியை அழிக்கக் காளி வருகிறாள். துன்முகியோ கருவுற்றிருக்கிறாள். அக்கருவை எடுத்துத் தன் காதில் குழையாக அணிந்துகொண்ட பின்னரே காளி அவளைக் கொல்கிறாள். தாயின் குற்றம் கருவைச் சாராது என்ற எண்ணம் இக்கதையின் உள்ளே இருக்கிறது. இன்றைய இந்தியச் சட்டமும் மரண தண்டனை பெற்ற பெண் கருவுற்றிருந்தால் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கச் சொல்கிறது.

‘அறிவியலை அன்றே சொன்னது புராணம்’ என்று முழங்குவோர் ஒருபுறம். ‘புராணம் அத்தனையும் பொய்’ என்று தள்ளுவோர் மறுபுறம். மரத்தின் வயதை நிலவியலாரிடம் கேட்போம். பிறவாத உயிருக்காக நம் முன்னோர் மனம் நடுங்கியதைப் புராணத்திடம் கேட்போம். கதவு மாற்றித் தட்டினால் இரு வீட்டிலும் விடை கிடைக்காது.

மூன்றாவது திரையுலகச் செய்தி. விழுப்புரம் சின்னையா கணேசன் என விரியும் பெயருடையவர் நடிகர் திலகம். மராட்டிய மன்னர் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது 1677இல். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் உள்ள அண்மையைக் கொண்டு இரு சிவாஜிகளையும் முடிச்சுப் போட யாருக்கும் ஆசை எழும். உண்மையில், அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் நடித்த திறம் கண்டு பெரியார் சூட்டிய பெயர் அது. ஊர் அண்மை தற்செயல், காரணம் ஆகாது. ஆயினும் பகுத்தறிவுப் பெரியார் மூலம் ஒரு மன்னரின் பெயர் ஒரு கலைஞருக்கு வாய்த்தது, நாம் புனையவிருந்த கதையைவிடச் சுவையானதல்லவா?

கவிஞர்களிடம் இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. கட்டுரையில் நேர்ந்த பிழை அடுத்த பதிப்பில் திருந்தும். பாட்டில் ஏறிய பிழையோ நாவில் தங்கிவிடும். பேரன் பேத்தியர்வரை செல்லும்.

நம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி அது அமைந்ததைப் பெருமையாகக் கூறுகிறது. தவிர்த்தவற்றைச் சொல்லிப் பெருமைப்பட்ட அரசன் அவன். நாமும் ஒரு புதுமையைப் பகிரும்போது, எங்கே கண்டோம், யார் சொன்னார், நாம் கூட்டியது எது என்ற மூன்றையும் உடன் சொல்வோம். பதினோராம் ஆண்டை இவ்வழக்கத்தோடு மன்றம் தொடங்குமாக.