காமன் பொட்டலும் காலி வீதியும்

(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டையொட்டி நாம் நடத்தவிருக்கும் நாட்டார் கலைத் திருவிழாவில் முதலுதவிப் பிரிவைப் பொறுப்பேற்குமாறு என்னைக் கேட்டார்கள். மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். கூடவே, விழாத் திட்டத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச அனுமதி கேட்டேன்.

மேற்பயிற்சிக்காக நான் இங்கிலாந்தில் இருந்த காலத்தில், ஒரு மே மாத விடுமுறையில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை நகரத்துக்குப் போயிருந்தேன். தலை முதல் கால் வரை இலைகளால் மூடிய ஓர் உருவம், மேளதாளத்தோடு தெருத்தெருவாக ஆடி வந்தது. 'பச்சை ஜாக்' என்பது அதன் பெயர். பார்க்க வந்தவர்களும் முகத்தில் பச்சை பூசி, தலையில் இலை சூடியிருந்தார்கள். கடைசியில் ஜாக்கைக் கொன்று கோடைகாலத்தை விடுவிப்பதாக ஐதீகம்.

அந்த ஆட்டம் முற்காலத்தில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருடையது. மருத்துவர்கள் அவர்களை வேறு விதமாக அறிவோம். சிறு வயதிலேயே புகைபோக்கிக்குள் ஏறியவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோய்க்கு அந்தக் கரியே காரணம் என்று லண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட் 1775இல் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோயைப் பற்றி எங்களுக்குக் கற்பிக்கும் முதற் பாடம் அது. அந்த ஏழைகளுக்கு மே முதலாம் நாள்தான் ஆடிப் பாடிச் சில்லறை சேர்க்கும் நாள். காலப்போக்கில் வழக்கொழிந்த அந்த ஆட்டத்தை, ஹேஸ்டிங்ஸில் கிராமிய நடனக் குழுவொன்று 1983இல் மீட்டெடுத்தது.

நானும் கைதட்டினேன். கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும் ரயிலில்தான் தாத்தாவின் நினைவு வந்தது.

என் தாத்தா ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுத வந்ததால் நாங்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளானோம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது மாசி மாதத்தில் தோட்டத்துக்குப் போனோம். அது காமன் கூத்துக் காலம். கம்பம் நட்டு, விரதமிருந்து, தப்பு முழங்க ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கக் காமன் எரிவான். அன்று ரதி வேடத்தில் சேலை கட்டி, காமன் பொட்டலில் விழுந்து ஒப்பாரி வைத்தவர் என் தாத்தா. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் வெட்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

ஆண்டு ஏழில் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் நல்லூர்த் தேரைப் பற்றி எழுதினேன். அதுவரை நான் நல்லூரைக் கண்டதில்லை. ஆசிரியை பாராட்டி வகுப்பில் வாசித்துக் காட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் என்னை எதையும் மறைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் மறைத்தேன்.

தாத்தா தம் கடைசிக் காலத்தை எங்கள் வீட்டில்தான் கழித்தார். அப்போது நான் மருத்துவ மாணவி. முன்பின் தெரியாத நோயாளர் எத்தனையோ பேரிடம் ஊர் எது, தொழில் என்ன, வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டு எழுதினேன். வீட்டில் படுத்திருந்தவரிடம், "தாத்தா, அந்த ஒப்பாரியை ஒருக்கால் பாடுங்க" என்று கேட்கவில்லை. அவரோடு அந்தப் பாட்டும் போய்விட்டது.

சகோதரிகளே, நமது நிகழ்ச்சி நிரலின் வரைவில் 'காமன் கூத்து – 5 நிமிடம்' என்று இருக்கிறது. அதைக் கண்டதால்தான் பேச எழுந்தேன். சுருக்குவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றினார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவர் முதலில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிப் போனார். நாமோ ஆடை வாடகைக் கடையைத்தான் தேடியிருக்கிறோம்.

நகரத்தில் இவை எடுபடுமா என்று சிலர் ஐயப்படுகிறார்கள். நம் கண்முன்னே ஆடிவேல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்த, கொழும்பிலேயே வேல் விழா பெருவிழாவாக வளர்ந்தது என்று பெரியோர் சொல்வார்கள். செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டால் காலி வீதியே திருவிழாவாகிவிடும். அங்கே மேடையும் இல்லை, முன்வரிசை நாற்காலியும் இல்லை. கரும்பு வாங்க எல்லா இனத்தவரும் வந்தார்கள். 1983க்குப் பின் சில ஆண்டுகள் தேர் வீதிக்கு வராதிருந்தும், விழா மீண்டும் எழுந்தது. சுமக்க ஆளிருந்தால் எதுவும் நகரத்தில் வாழும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மண்டபத்தை விட்டு மைதானத்துக்கு வருவோம். வட்டக்களரி அமைத்து, மாலை தொடங்கி இரவு வரை ஆடட்டும். வாயிற்கதவு அயலவர் அனைவருக்கும் திறந்திருக்கட்டும். இரண்டாவது, அலங்காரச் செலவுக்கு முன் கலைஞர்களின் பயணம், தங்குமிடம், சன்மானம் ஆகியவற்றை ஒதுக்குவோம். அவர்களின் பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் மலரில் அச்சிடுவோம். எதைச் சுருக்கலாம், மாசி அல்லாத மாதத்தில் காமனை எரிக்கலாமா என்பதை அவர்களே சொல்லட்டும். மூன்றாவது மாணவிகளுக்கு. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு பாட்டோ கதையோ கேட்டு, உங்கள் கைபேசியில் பதிவுசெய்து வாருங்கள். யாழ்ப்பாணமோ, மட்டக்களப்போ, மன்னாரோ, மலைநாடோ, கொச்சிக்கடையோ, எந்த ஊராயினும் சரி. விழாவுக்குச் சில மாதங்களே உள்ளன. சில தாத்தா பாட்டிமாருக்கு அவ்வளவு காலமும் இல்லாமலிருக்கலாம். இதை நான் மருத்துவராகவும் சொல்கிறேன்.

ஆண்டு ஏழில் நான் எழுதிய கட்டுரையை இன்று இந்தச் சபையில் திருத்திக்கொள்ள அனுமதி தாருங்கள். எங்கள் ஊர்த் திருவிழா காமன் கூத்து. அதில் என் தாத்தா ரதி.