பட்டறைக்கு ஒரு தனி லைன்

அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான். பெரிய ரம்பத்துக்கு 240 வோல்ட்டைத் தனியாக இழுக்க வேண்டும். நம் திருவனந்தபுரத்திலோ டியூப்லைட்டுக்கே 230 வோல்ட்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ஆம்பியரை. 2000 வாட் மரம் அறுக்கும் மெஷின் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டி ஓட்டினால் பிளக் இளகிக் கருகும். 16 ஆம்பியர் பிளக், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதற்கொரு எம்.சி.பி. வேண்டும்.

மூன்று பின்னில் மேலே இருக்கும் தடித்த பின்னைப் பாருங்கள். மற்ற இரண்டையும் விட நீளம். கரண்ட் தொடுவதற்கு முன்பே எர்த் தொட்டுவிடும். அதை உடைத்துவிட்டு மெஷின் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதுவும் இடவப்பாதி மழையில், தரையெல்லாம் ஈரமாக இருக்கும்போது!

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யையும் பொருத்துங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். வேலையை பெர்மிட் உள்ள வயர்மேனிடமே கொடுங்கள்.