எழுதியதும் எழுதாமல் விட்டதும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விசுவாசம், குடும்பம், எழுத்து ஆகிய மூன்றையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று பேசும்படி சங்கத்தார் கேட்டபோது நாங்கள் மூவரும் தொலைபேசியில் சிரித்தோம். சமாளித்தோம் என்று யார் சொன்னது? நாங்கள் ஒரே வகுப்பு, ஒரே விடுதி. இன்று ஒருத்தி யாழ்ப்பாணத்தில், ஒருத்தி கொழும்பில், ஒருத்தி கனடாவில். மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் உரை மூவருடையது. அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எது யாருடைய வீட்டில் நடந்தது என்று பிறகு தேத்தண்ணி நேரத்தில் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டோம்.

எழுத்து எங்களுக்கு இங்கேதான் தொடங்கியது. விடுதியில் இரவு மணி அடித்தால் விளக்கை நிற்பாட்ட வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் மூவரும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதி. கட்டிலுக்குக் கட்டில் கைமாறிப் போகும். மூன்றாவது இதழை விடுதிப் பொறுப்பாசிரியை கண்டுபிடித்துவிட்டார். தண்டனை வரும் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு, எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்களுக்குக் கிடைத்த முதலாவது விமர்சனம் அது.

அழைப்பு என்று ஒரு சொல் எங்கள் சபைகளில் உண்டு. போதகருக்கு அழைப்பு உண்டு, தாதிக்கு உண்டு, ஆசிரியைக்கு உண்டு. கதை எழுதுகிறவளுக்கு அழைப்பு உண்டென்று எந்தப் பிரசங்கத்திலும் நாங்கள் கேட்டதில்லை. கதை என்றால் பொழுதுபோக்கு. பின்னல் வேலை மாதிரி, ஆனால் அதைவிடப் பிரயோசனம் குறைந்தது. பின்னல் வேலையையாவது ஆலய விற்பனைக்குக் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் எங்கள் மண்ணில் அச்சும் மிஷனும் ஒன்றாகத்தான் வளர்ந்தன. உதயதாரகை 1841இல் வந்தது. உடுவில் பெண்கள் பாடசாலை அதற்கும் முன்னமே, 1824இல், தொடங்கிவிட்டது. (உடுவில் எங்கள் பள்ளிக்கூடம் அல்ல. வலைப்பந்தில் அவர்களிடம் தோற்ற ஞாபகங்கள் உங்களில் பலருக்கு இருக்கும். இருந்தாலும் இன்றைக்கு அவர்களைப் பாராட்டாமல் விட முடியாது.) அங்கே படித்த மங்களநாயகம் தம்பையா அவர்கள் 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவலென்று அதைச் சொல்வார்கள். பிறகு 1926இல் 'அரியமலர்' வந்தது. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், திருமணத்தினுள் இன்னொரு பெண் படும் துயரத்தை எழுதி, அதற்குச் சங்கீதப் புத்தகத்திலிருந்தே பெயரும் எடுத்து வைத்திருக்கிறார். அவருடைய மாமியார், மச்சாள்மார், ஆலயத்துப் பெண்கள் அதைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்று அறிய எங்களுக்கு மிகுந்த ஆசை. அந்தப் பக்கத்தை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. சாப்பாடு ஆறிப் போனது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, அத்தியாயம் நின்றது என்றெல்லாம் இலக்கிய வரலாற்றில் வருவதில்லையே.

எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறோம்.

நேரம் என்று பார்த்தால் விடிய நாலரை மணிதான். அந்த நேரத்தில் ஜெபிப்பதா எழுதுவதா என்பது முப்பது வருடச் சண்டை. வேதத்தைத் திறந்தால் மனதிற்குள் கதை வந்து நிற்கும். கொப்பியைத் திறந்தால் ஜெபிக்கவில்லையே என்று குத்தும். எங்களில் ஒருத்தி இரண்டையும் மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பாள், வேதம் மேலே. 'மரியாதைக்கு மேலே இருக்குது, எடுக்கிறது கீழே இருக்கிறதை' என்று அவளே சொல்வாள். இன்னொருத்தி பிரசங்கம் நடக்கும்போது குறிப்பெடுப்பாள். எவ்வளவு பக்தியான பெண் என்று போதகர் நெடுங்காலம் மகிழ்ந்திருந்தார். அது அடுத்த கதைக்கான குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை வேறு. அம்மம்மா காலத்தில் ஓய்வுநாளில் ஊசியில் நூல் கோக்கவும் கூடாது. எழுதலாமா என்று அவவிடமே கேட்டோம். அம்மம்மா யோசித்துவிட்டு, "எழுதினால் காசு தாறாங்களோ?" என்றார். இல்லை என்றோம். "அப்ப அது வேலை இல்லை, எழுது பிள்ளை" என்றார். நாங்கள் கேட்ட இறையியல் விளக்கங்களில் இதை விடத் தெளிவானது வேறில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கை உங்களில் எத்தனையோ பேர் அறிவீர்கள். அந்த வெளிச்சம் பிள்ளைகளின் படிப்புக்கு. அவர்கள் படித்து முடித்தபின் மிச்சமிருந்தால் எங்களுக்கு. தாளும் இல்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். ஒருத்தியின் கணவர், தான் கதை வாசிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டு, அவள் எழுதியதையெல்லாம் தன் அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பார். இன்னொருத்தியின் கணவருக்கு எழுத்து என்றாலே பிடிக்காது. அவரைக் குறை சொல்ல வரவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு, எதிரில் இருப்பவள் அங்கே இல்லை என்பது தெரியத்தானே செய்யும்? உடம்பு பிட்டு அவித்துக்கொண்டிருக்கும். மனம் ஒரு வசனத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இதைக் கெதியாகப் பிடித்துவிடுவார்கள். "அம்மா, கேட்கிறியளோ?" என்று கேட்ட குரல் எங்கள் மூவருக்கும் இன்றும் காதில் நிற்கிறது. அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

மார்த்தாள் மரியாள் பற்றியும் ஒரு சொல். மார்த்தாள் பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டாள், மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று பெண்கள் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். கூட்டம் முடிந்ததும் பேச்சாளருக்குச் சாப்பாடு பரிமாறுவதும் நாங்கள்தான். இதற்கு மேல் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லலாமா என்று மூவரும் பல நாள் கதைத்தோம். சம்பந்தப்பட்டவர் சம்மதம் தந்தபிறகே சொல்கிறோம்.

எண்பதுகளின் கடைசியில் எங்களில் ஒருத்தி ஒரு சிறுகதை எழுதினாள். குடிக்கிற கணவனிடம் அடி வாங்கி, இரண்டு பிள்ளைகளோடு இரவில் தாய்வீட்டுக் கதவைத் தட்டுகிற பெண்ணின் கதை. பெயர் மாற்றி, ஊர் மாற்றி எழுதினாள். ஆனால் அந்தக் கதவு அவளுடைய மாமி வீட்டுக் கதவு; தட்டியது அவளுடைய மச்சாள். ஒரு சஞ்சிகையில் வந்தது. நல்ல கதை என்று கடிதங்கள் வந்தன. மூன்று வாரத்தில் ஆலயத்துப் பெண்களுக்கும் விளங்கிவிட்டது. மாமி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளுக்குப் பக்கத்தில் இருக்காமல் மூன்று வாங்கு தள்ளிப்போய் இருந்தார். திருவிருந்து ஞாயிறு அது. சபையில் பொறுப்பிலிருந்த ஒருவர், வீட்டு அழுக்கை வீதியில் கழுவுவது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்லி அனுப்பினார். அடித்தவருக்கு அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்று எங்களுக்குத் தெரியவரவில்லை.

அவர் சொன்னது அவளைச் சுடவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறதே, அதுதான் சுட்டது. அந்த ஞாயிறு அவள் திருவிருந்து எடுக்கவில்லை. பின்னேரம் மச்சாளிடம் போனாள். மன்னிப்புக் கேட்டாள். மச்சாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "எழுதினதுக்கு எனக்குக் கோவமில்லை மச்சாள். நாலு பேருக்குத் தெரியத்தான் வேணும். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அடிக்கேக்க என்னைக் கேட்டே அடிச்சவர்? நீங்களும் கேட்கேல்லை."

பிறகு ஆறு வருடம் அவள் கதை எழுதவில்லை. ஞாயிற்றுப் பாடசாலை நாடகங்கள் மட்டும். தொகுதி வெளியிடலாம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டபோது அந்தக் கதையைச் சேர்க்க மாட்டேன் என்றாள். அவள் எழுதியவற்றிலேயே சிறந்தது அது. மற்ற இருவரும் அவளோடு சண்டை பிடித்தோம். அந்த வீட்டில் நடந்தது இன்னும் எத்தனையோ வீட்டில் நடக்கிறது, மங்களநாயகம் அம்மையார் இப்படிப் பயந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றோம். அது பயமில்லை என்றாள். மூவருக்கும் இதில் இன்றுவரை ஒரே அபிப்பிராயம் கிடையாது. ஒருத்தி இப்போதும் சொல்கிறாள், கதை பெரிது, உறவு பிறகு சரிவரும் என்று. இன்னொருத்தி, சரிவராத உறவுகளும் உண்டு என்கிறாள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தச் சஞ்சிகையும் கலண்டர்த் தாள்களும் வீட்டிலேயே போயின. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் வேதத்தையும் கொஞ்ச அரிசியையும்தான் எடுக்க முடிந்தது. அதே சனத்துக்குள், மழையில், மாமியின் ஒரு கையை மச்சாளும் மறு கையை இவளும் பிடித்துக்கொண்டு போனார்கள். கதை பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மாமி இப்போது இல்லை. மச்சாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வருடம் அவர், பேத்தி ஒருத்தி வாசிக்க ஆசைப்படுகிறாள், அந்தக் கதை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பழைய சஞ்சிகைகள் இருக்கும் இடமெல்லாம் தேடியும் அந்த இதழ் கிடைக்கவில்லை. "அப்ப திருப்பி எழுதுங்கோ" என்றார் மச்சாள். "இந்த முறை நான் பக்கத்தில இருக்கிறன்."

இப்போது புதன்கிழமைகளில் பின்னேரம் குசினி மேசையில் எழுத்து நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம் கூடப் போவதில்லை. பழைய கதையில் அவள் மிக அழகாக எழுதியிருந்த ஓர் இடம் உண்டு. கதவைத் தட்டும்போது வெளியே மழை கொட்டுகிறது. அந்த வரியை எழுதியவுடன் மச்சாள் கையை நீட்டிப் பேனையைப் பிடித்துக்கொண்டார்.

"மழை இல்லை மச்சாள். நல்ல நிலவு. அதாலதான் நான் வாறதை றோட்டில எல்லாரும் கண்டவை."